நியூரோசயின்ஸ் படிக்கப் போறேன், காலேஜுக்கு முன்னாடி என்ன பண்ணலாம்?

ஜூன் 4, கேள்வி

ஸ்கூல் முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. நியூரோசயின்ஸ்தான்னு முடிவு பண்ணிட்டேன். மூளையோட பாகம் எல்லாம் மனப்பாடம், டோபமைன்னா சந்தோஷம், செரடோனின்னா அமைதின்னு சார்ட் போட்டு சுவத்துல ஒட்டி வெச்சிருக்கேன். கணக்கு எனக்கு சுத்தமா வராது, அதனாலதான் இந்தப் பக்கம் வர்றேன். இப்பவே இன்னும் என்ன படிச்சா காலேஜ்ல முன்னாடி இருக்கலாம்? இந்த ஃபீல்டுல இருக்குற அக்கா அண்ணா யாராவது சொல்லுங்க.

ஜூன் 4, ராத்திரி

கணக்குக்குப் பயந்து நியூரோசயின்ஸா. தூறலுக்குப் பயந்து ஆத்துல குதிச்ச மாதிரி இருக்கு தம்பி.

நான் பயாலஜி டிகிரி முடிச்சுட்டு மூளை ஆராய்ச்சி லேபுக்குள்ள வந்தவ. வர்றதுக்கு முன்னாடி மனசுல இருந்ததெல்லாம் வெள்ளை கோட்டு, மைக்ராஸ்கோப், கையில கிளவுஸ். வந்தப்புறம் நாள்ல முக்கால்வாசி ஸ்கிரீன் முன்னாடிதான். ஏன்னா மூளைக்குள்ள விடுற ஒரு எலக்ட்ரோட், அதாவது மெல்லிய கம்பி, செகண்டுக்கு 30,000 தடவ வோல்டேஜ அளந்து எழுதிக்கிட்டே இருக்கும், இப்ப இருக்குற ஊசியில (புரோப்) அந்த மாதிரி அளக்குற புள்ளி நூத்துக்கணக்குல இருக்கு, ஒரு மணி நேரம் ரெக்கார்ட் பண்ணா வர்றத எந்த மனுஷனும் கண்ணால உக்காந்து பாக்க முடியாது, கோட் எழுதித்தான் ஆகணும், கோட் எழுதுனா அதுக்குள்ள ஸ்டாடிஸ்டிக்ஸ் வந்து நிக்கும், அதுக்குப் பின்னாடியே மேட்ரிக்ஸ் வந்து நிக்கும். யாரும் முன்னாடியே சொல்லல எனக்கு. சொல்லிருந்தாலும் கேட்டிருப்பேனான்னு தெரியல, அது வேற.

தூக்கம் வருது. மிச்சம் நாளைக்கு.

ஜூன் 5

முதல்ல அந்த சார்ட்ட கழட்டு.

டோபமைன், செரடோனின் எல்லாம் நரம்பு செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்ற கெமிக்கல். டோபமைன் = சந்தோஷம்னு எல்லா ரீல்ஸ்லயும் ஓடுது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ்னு ஒரு மூளை விஞ்ஞானி குரங்கு வெச்சு பண்ண வேலை என்ன காட்டுச்சுன்னு பாரு. எதிர்பாக்காம ஜூஸ் கெடச்சா டோபமைன் செல் படபடன்னு அடிக்குது. லைட் எரிஞ்சா ஜூஸ் வரும்னு குரங்கு பழகினதுக்கு அப்புறம் லைட் எரியும்போதே அடிக்குது, ஜூஸ் வரும்போது சும்மா இருக்குது. லைட் எரிஞ்சும் ஜூஸ் வரலன்னா, வந்திருக்க வேண்டிய நேரத்துல வழக்கத்த விட கம்மியாகுது. அப்ப அது சொல்றது சந்தோஷத்த இல்ல, எதிர்பாத்ததுக்கும் கெடச்சதுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்த. பாரு, இங்கயும் ஒரு கழித்தல் கணக்கு. இன்னொரு பக்கம், அதே டோபமைன் செல் செத்துப்போறதுனாலதான் பார்கின்சன் வியாதியில கை கால் இறுகி, நடை மெதுவாகுது. சார்ட்ல அதுக்கு எங்க எடம் விட்டிருக்க?

செரடோனினும் அப்படித்தான், உடம்புல இருக்குறதுல ரொம்பப் பெரிய பங்கு குடல்ல இருக்கு. அசிட்டைல்கோலின்னு ஒண்ணு, கை கால் தசைய சுருங்க வைக்கும், அதுவே இதயத்துக்குப் போனா வேகத்தக் குறைக்கும். ஒரே கெமிக்கல்தான், செல்லு மேல எந்த ரிசப்டர்ல (அத வாங்கிக்கிற பூட்டுல) போய் உக்காருதுங்குறதுதான் விஷயம். அந்த இதய வேலைய ஓட்டோ லோவிங்குற விஞ்ஞானி 1921ல ரெண்டு தவளை இதயத்த வெச்சுக் காட்டினார். ஒண்ணோட நரம்பத் தூண்டி துடிப்பக் குறைச்சு, அந்தத் திரவத்த எடுத்து ரெண்டாவதுக்கு விட்டா அதுவும் மெதுவாச்சு. நரம்பு கெமிக்கல் மூலமா பேசுதுன்னு அங்கதான் தெளிவாச்சு, 1936ல ஹென்றி டேலோட சேத்து நோபல். அந்த சோதனைக்கான ஐடியா கனவுல வந்துச்சுன்னு அவரே சொல்லிருக்கார். நமக்கு கனவுல பரீட்சை ஹால்தான் வருது.

ஜூன் 5, கொஞ்ச நேரம் கழிச்சு

சுவரு காலியா இருக்குன்னா ஸ்பெயின் விஞ்ஞானி கஹால் வரைஞ்ச நியூரான் (நரம்பு செல்) படங்கள ஒட்டு. ஓவியராகணும்னு ஆசைப்பட்டவர், அப்பாவோட பிடிவாதத்துல டாக்டராகி, கடைசில மைக்ராஸ்கோப்ல பாத்தத வரைஞ்சே பேர் வாங்கினார். செல்ல கருப்பாக்குற அந்த சாய முறை இத்தாலி விஞ்ஞானி கோல்ஜியோடது, 1873. அத வெச்சே கஹால் நியூரான் ஒவ்வொண்ணும் தனித்தனி செல்னு சொன்னார், கோல்ஜி இல்ல எல்லாம் ஒரே வலைன்னு சாதிச்சார். 1906ல ரெண்டு பேருக்கும் சேத்தே நோபல் குடுத்தாங்க, கோல்ஜி தன்னோட நோபல் பேச்சுலயே கஹால் கட்சியத் தாக்கினார். செமினார்ல ரெண்டு புரொஃபசர் முட்டிக்கிறத பாக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

ஜூன் 7

"எவ்வளவு கணக்குதான் வேணும்"னு கேட்டவருக்கு. ஆரம்பிக்க ஸ்கூல்ல சொல்லித்தர்ற லாக் போதும். பேப்பர் எடுங்க.

நியூரானுக்கு வெளிய பொட்டாசியம் சுமார் 5 மில்லிமோலார் (கரைசல்ல எவ்வளவு இருக்குன்னு சொல்ற அளவு), உள்ள சுமார் 140. 5ஐ 140ஆல வகுத்து, பத்தடிமான லாக் எடுத்து, 61ஆல பெருக்குங்க. மைனஸ் 88 மில்லிவோல்ட் கிட்ட வரும். இதுதான் நெர்ன்ஸ்ட் சமன்பாடு, ஒரு அயன் மட்டும் போய் வந்தா செல்லோட வோல்டேஜ் எங்க நிக்கும்னு சொல்றது. அந்த 61 உடம்புச் சூட்டுக்கு வர்ற எண், பொட்டாசியம் மாதிரி ஒத்த பாசிட்டிவ் சார்ஜ் இருக்குற அயனுக்கு. இப்ப நிஜ நியூரான் சும்மா இருக்கும்போது அளந்தா மைனஸ் 70 சொச்சம்தான் காட்டும். ஏன் 88 இல்ல? ஏன்னா மெம்ப்ரேன், அதாவது செல்லச் சுத்தி இருக்குற சவ்வு, பொட்டாசியத்த மட்டும் விடல, கொஞ்சம் சோடியமும் உள்ள கசியுது, அது மேல இழுக்குது. ஒரு வகுத்தல், ஒரு லாக், ஒரு பெருக்கல், அவ்வளவுதான். ஆனா "ரெஸ்டிங் பொட்டன்ஷியல் மைனஸ் 70"னு மனப்பாடம் பண்ணவனுக்கும் இத ஒரு தடவ போட்டுப் பாத்தவனுக்கும் ஒரே மாதிரி புரியும்னு நெனைக்காதீங்க.

இதுக்கு அடுத்த படி ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லின்னு ரெண்டு இங்கிலாந்து விஞ்ஞானிங்க. 1952. கணவாய் மீனோட ராட்சத ஆக்ஸான் (சேதி போற நரம்பு இழை), ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் தடிமனா இருக்கும், அதனால கம்பிய உள்ள விட்டு அளக்க முடிஞ்சது. நாலு டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ல நரம்புத் துடிப்பு மொத்தத்தையும் எழுதினாங்க. கேம்பிரிட்ஜ் கம்ப்யூட்டர் அந்த சமயம் கைக்குக் கெடைக்கல, ஹக்ஸ்லி கையால சுத்துற கணக்கு மெஷின்ல சுத்தி சுத்தியே விடை எடுத்தார். 1963ல நோபல், கூட எக்கிள்ஸ். இன்னிக்கு அதையே பைத்தான்ல ஒரு பக்கத்துக்குள்ள எழுதிடலாம். டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்னதும் ஓடாதீங்க, இப்ப இருக்குற நெலமைக்கு அடுத்த நொடி எவ்வளவு மாறும்னு சொல்ற ஒரு வரி அது. லூப் போட்டு அந்த மாற்றத்தக் கூட்டிக்கிட்டே போனா கிராஃப் வரும். மொத தடவ ஸ்கிரீன்ல அந்தக் கூர்முனை நானே எழுதின கோட்ல இருந்து எழும்பி வந்தப்ப நாற்காலிய விட்டு எந்திரிச்சுட்டேன்.

ஸ்கூல்ல எனக்கு கணக்கு புடிக்காது. அப்புறம் புடிச்சதும் கணக்குக்காக இல்ல, கையில ஒரு டேட்டா இருந்துச்சு, அது என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சாகணும்னு வெறி. அதனால தம்பி, "கணக்கு வராது"ங்குறத இப்பவே எழுதி ஒட்டாத.

ஜூன் 8

"இவ்வளவு கணக்கு போடணும்னா அக்கவுண்டன்டாவே போயிருப்பேனே"ன்னு ஒருத்தர். போங்க. அங்கயும் மைனஸ்ல இருந்துதான் ஆரம்பம்.

ஜூன் 9

மூளையில 10,000 கோடி நியூரான்னு மேல ஒருத்தர் போட்டிருக்கார். அது ரொம்ப நாளா எல்லாரும் ஒருத்தரப் பாத்து ஒருத்தர் எழுதின எண். சுசானா ஹெர்குலானோ-ஹௌசல்னு பிரேசில் விஞ்ஞானி, மூளைத் திசுவ அப்படியே கரைச்சு, செல் நியூக்ளியஸ் மட்டும் மிதக்குற திரவமாக்கி, கொஞ்சம் எடுத்து எண்ணிப் பெருக்கிப் பாத்தாங்க. சுமார் 8,600 கோடி வந்துச்சு, 2009 பேப்பர். மூளையில இருக்குற இன்னொரு வகை, கிளியா செல், நியூரான விட பத்து மடங்குன்னு சொல்றதும் இந்த எண்ணிக்கையில அடிபட்டுப் போச்சு, கிட்டத்தட்ட சரி சமம்தான் வருது.

எண் முக்கியமில்ல இங்க. அவ்வளவு வருஷம் பாடபுத்தகத்துல ஒரு எண் இருந்துருக்கு, "இத யாரு எண்ணினா"ன்னு கேட்ட ஒரு ஆள் வேண்டியிருந்துருக்கு. காலேஜுக்கு முன்னாடி பழக்கம்னு எதையாவது வளத்துக்கிறதா இருந்தா இந்தக் கேள்விதான். புத்தகத்துல எந்த வரியப் படிச்சாலும், இத எப்படிக் கண்டுபிடிச்சிருப்பாங்க.

ஜூன் 11

இழை எங்கயோ போகுது. "மூளை ஆபரேஷன் பண்ணணும், அதுக்கு நியூரோசயின்ஸ் டிகிரி போதுமா"ன்னு கேட்டவருக்கு: போதாது. நியூரோசர்ஜன், நியூராலஜிஸ்ட், சைக்கியாட்ரிஸ்ட் மூணு பேரும் மருத்துவம் படிச்சவங்க. நியூரோசயின்டிஸ்ட்னா ஆராய்ச்சி பண்றவர், பெரும்பாலும் பிஎச்டி. நியூரோசைக்காலஜிஸ்ட் சைக்காலஜி வழியா வர்றவர். ரெண்டும் சேத்துப் படிக்கிறவங்களும் இருக்காங்க, ரொம்ப நீளமான பாதை.

இத இப்பவே பிரிச்சுப் பாத்துக்க. ஒரு நோயாளி எதிர்ல வந்து உக்காந்தா அந்த ஆளு குணமாகணுமேன்னு மனசு துடிக்குதா, இல்ல ஏன் இப்படி ஆச்சுன்னு மண்டைக்குள்ள ஓடுதா? ரெண்டும் நல்லதுதான், ஆனா போற கதவு வேற வேற.

அப்புறம் டிகிரி பேர்ல நியூரோசயின்ஸ்னு இருந்தே ஆகணும்னு இல்ல. பல எடத்துல இளநிலைல அப்படி ஒரு டிகிரியே கெடையாது. எங்க லேப்ல ஃபிசிக்ஸ், எலக்ட்ரிகல், சைக்காலஜி, கம்ப்யூட்டர் சயின்ஸ் எல்லாம் கலந்து கெடக்கு. பயாலஜில இருந்து வந்த நான் சிக்னல் பிராசஸிங் கத்துக்க திணறினேன், எலக்ட்ரிகல்ல இருந்து வந்தவருக்கு சினாப்ஸ் (ரெண்டு நியூரான் சந்திக்கிற எடம்) எதுன்னு நான் சொல்லிக்குடுத்தேன், டீல்.

ஜூன் 14

எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு கேக்கச் சொன்னதுக்கு உதாரணம் கேட்டாங்க. செத்த மீன் கதை.

2009ல கிரெய்க் பென்னட் குழு ஒரு செத்த சால்மன் மீன எஃப்எம்ஆர்ஐங்குற, மூளை வேலை செய்யுறத படம் புடிக்கிற ஸ்கேனர்ல வெச்சு, மனுஷங்க போட்டோ காட்டி, இவங்க என்ன உணர்ச்சில இருக்காங்கன்னு மீன்கிட்ட கேட்டாங்க. ஆமா, செத்த மீன்கிட்ட. அனாலிசிஸ் பண்ணா மூளைல ஒரு எடம் "வேலை செஞ்சுது". ஏன்? ஸ்கேன்ல குட்டி குட்டி கட்டமா பல்லாயிரம் இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி டெஸ்ட் போடுறோம். 1,000ல ஒண்ணு சும்மா தற்செயலா தேறும்னு வெச்சாலும் 60,000 கட்டத்துல 60 எடம் பொய்யா மினுக்கும். அதுக்குத் திருத்தம் போடணும், போட்டா மீன் மறுபடி செத்துடும். 2012ல இக் நோபல் குடுத்தாங்க இதுக்கு, சிரிக்க வெச்சு யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்கான பரிசு.

இத ஏன் ஸ்கூல் பையனுக்குச் சொல்றேன்னா, "காதல் வந்தா மூளையில இந்த எடம் எரியும்"னு கலர் படத்தோட நியூஸ் வரும்போது கேக்க வேண்டிய கேள்வி எல்லாம் இதுல இருக்கு. எத்தன பேரு? எதோட ஒப்பிட்டாங்க? எத்தன டெஸ்ட்டு? இன்னொண்ணு, எஃப்எம்ஆர்ஐ நியூரான் அடிக்கிறத நேரா பாக்கல, ரத்தத்துல ஆக்ஸிஜன் மாறுறதப் பாக்குது, அது உச்சத்துக்கு வர அஞ்சாறு செகண்ட் ஆகும். நியூரான் துடிப்பு ஒரு மில்லிசெகண்ட் சமாச்சாரம். இஈஜி, அதாவது தலை மேல எலக்ட்ரோட் ஒட்டி மூளையோட மின் அலைய அளக்குறது, நேரத்த நல்லாப் புடிக்கும், ஆனா மண்டையோட்டுக்கு மேல இருந்து கேக்குறதால எந்த எடம்னு சொல்ல தடுமாறும். எந்த கருவியால எத பாக்கவே முடியாதுன்னு தெரிஞ்சவன ஏமாத்துறது கஷ்டம்.

பேப்பர் படிக்க ஆரம்பிக்கணும்னா நோயாளிகள பத்தின பழைய பேப்பர்ல இருந்து ஆரம்பி, புரியும். ஹெச்.எம்.னு ஒருத்தர், ஹென்றி மொலைசன். வலிப்புக்காக 1953ல ஆபரேஷன், ரெண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ்ங்குற மூளைப் பாகத்தோட பெரும்பகுதியையும் சுத்தி இருக்குற திசுவையும் எடுத்துட்டாங்க, அதுக்கப்புறம் புதுசா எதுவும் ஞாபகத்துல நிக்கல. ஆனா பிரெண்டா மில்னர்னு ஒரு சைக்காலஜி ஆராய்ச்சியாளர் அவர கண்ணாடியில பாத்துக்கிட்டே நட்சத்திரம் வரைய வெச்சாங்க, நாளுக்கு நாள் கை நல்லா வந்துச்சு, முன்னாடி வரைஞ்சதே அவருக்கு ஞாபகம் இல்ல. பென்சில் கண்ணாடி போதும், ஞாபகம் ஒரே வகை இல்லன்னு காட்ட. 1957ல அந்த ஆபரேஷன் பண்ண ஸ்கோவிலும் மில்னரும் எழுதின பேப்பர் சின்னது, முயற்சி பண்ணு. புரியாத வார்த்தைய மட்டும் குறிச்சுக்கிட்டு தாண்டிப் போ, கடைசியா திரும்பி வா. நான் இன்னமும் அப்படித்தான் படிக்கிறேன், மொதல்ல படம், கிராஃப், அப்புறம்தான் எழுத்து.

ஜூன் 15

மனப்பாடமே வேஸ்ட்னு நான் சொன்னதா சிலர் எடுத்துக்கிட்டாங்க. இல்லப்பா. யோசிச்சுப் பாத்தா பாகங்களோட பேர் தெரிஞ்சிருக்குறது லேபுக்கு வந்த புதுசுல எனக்கு ரொம்ப உதவுச்சு, செமினார்ல பேர் சர்ருன்னு பறக்கும், எது எங்க இருக்குன்னு தெரியலன்னா ரெண்டாவது நிமிஷமே தூக்கம்தான். அதனால பாகம் மனப்பாடம் இருக்கட்டும். சார்ட்ட கழட்டச் சொன்னது மட்டும் அப்படியே நிக்குது.

மனப்பாடத்துல உனக்கு ருசி இருந்தா இன்டர்நேஷனல் பிரெயின் பீ இருக்கு, ஸ்கூல் பசங்களுக்கான மூளைப் போட்டி, 1998ல இருந்து நடக்குது, பல நாடுகள்ல. அதுக்குப் படிக்க சொசைட்டி ஃபார் நியூரோசயின்ஸோட பிரெயின் ஃபேக்ட்ஸ் புத்தகம் இணையத்துல இலவசமாவே இருக்கு. மெடல் வரலன்னாலும் படிச்சது கையில நிக்கும்.

ஜூன் 19

"சரி, நெஜமா என்னதான் பண்ணட்டும்"னு தம்பியே திரும்பி வந்துட்டான். எனக்கு ஒத்துவந்தத சொல்றேன்.

பைத்தான். ஆனா பைத்தான்னு தனியா ஒரு பாடமா வேண்டாம், ஆறாவது வீடியோல நின்னுரும். ஒரு டேட்டாவ எடுத்துக்க. ஆலன் இன்ஸ்டிட்யூட்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனம் எலி மூளையோட ரெக்கார்டிங் எல்லாம் பொதுவுல வெச்சிருக்கு, ஓப்பன்நியூரோங்குற வெப்சைட்ல மனுஷ ஸ்கேன் டேட்டா இருக்கு, யார் வேணா எறக்கலாம். அது ரொம்ப பெருசா பயமா இருந்தா, ஒரு இஈஜி ஃபைல எடு, கண் மூடினப்பவும் தொறந்தப்பவும் உள்ள பகுதிய பிரிச்சு கிராஃப் போடு. கண் மூடினா பின்பக்கம் செகண்டுக்கு 8ல இருந்து 12 அலை பெருசா எழும்பும், ஆல்ஃபா. இத ஜெர்மன் டாக்டர் ஹான்ஸ் பெர்கர் 1929லயே எழுதிட்டார். அவர் பாத்தத நீ உன் கோட்ல பாக்குற, அதுக்கு மேல என்ன வேணும்.

ஸ்டாடிஸ்டிக்ஸ். கால்குலஸ விட இத மொதல்ல தொடு. இது என் சொந்தக் கருத்து, ஃபிசிக்ஸ் ஆளுங்க சண்டைக்கு வருவாங்க, வரட்டும்.

ஃபிசிக்ஸ்ல கரண்ட், கபாசிட்டர், ரெசிஸ்டர் பாடத்த தூங்காம கவனி. மெம்ப்ரேன் ஒரு கபாசிட்டர், அதுல அயன் போய் வர்ற கதவு, அயன் சேனல், ஒரு ரெசிஸ்டர்.

லேபுக்கு மெயில் போடலாமான்னா போடலாம். "எனக்கு சின்ன வயசுல இருந்தே மூளை மேல ஆர்வம்"னு ஆரம்பிச்சா எவரும் படிக்க மாட்டாங்க. அவங்க பேப்பர் ஒண்ண படிச்சு, புரியாத ஒரே ஒரு எடத்தக் கேளு, அஞ்சு வரி. புரொஃபசர விட பிஎச்டி பண்றவங்களுக்குப் போடு, அவங்கதான் பதில் போடுவாங்க. வீட்ல பெரியவங்களுக்கும் சொல்லிட்டுப் போடு.

எங்க லேபுக்கு ஒரு தடவ ஸ்கூல் பொண்ணு ஒண்ணு வந்துச்சு. குடுத்த வேலை உலகத்துலயே போரான வேலை, எலி வீடியோவ பாத்து ஓடுது, நிக்குது, மோப்பம் புடிக்குதுன்னு குறிக்கிறது. ரெண்டாவது நாளே வந்து கேட்டுச்சு, எலி நின்னுக்கிட்டே தலைய மட்டும் ஆட்டுனா அது நிக்குதா, மோப்பமா, எதுல போடணும்னு. நாங்க ஒருத்தர ஒருத்தர் பாத்தோம். அதுக்கு விதியே எழுதல அதுவரைக்கும், ஆளாளுக்கு ஒரு மாதிரி குறிச்சுக்கிட்டு இருந்திருக்கோம். அன்னிக்கு சாயங்காலம் மொத்தப் பேரும் உக்காந்து விதி எழுதினோம், பழைய வீடியோ எல்லாம் திரும்ப. அந்தப் பொண்ண திட்டிக்கிட்டேதான் பண்ணோம். நல்ல ஆளு.

ஜூன் 20

எலின்னதும் ஞாபகம் வந்துச்சு. பலரும் யோசிக்காம வந்து மாட்டுறது இதுல. நிறைய லேப்ல மிருகங்கள வெச்சு வேலை, சோதனை முடிஞ்சா அதக் கொன்னு மூளைய எடுக்கணும். அனுமதி கமிட்டி, மயக்க மருந்து, விதிமுறை எல்லாம் கடுமையா இருக்கும், ஆனாலும் கை உன்னோடதுதான். என் கூட சேந்த ஒருத்தருக்கு அது முடியல, மனுஷ இஈஜி பக்கம் மாறிட்டார், இப்ப சந்தோஷமா இருக்கார். நான் பண்ணினேன், லேசா இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன்.

முடியாதுன்னா வெக்கப்பட ஒண்ணுமில்ல. மனுஷங்கள வெச்சு பண்றது, கம்ப்யூட்டர் மாடல், பழ ஈ, புழுன்னு ஏராளமா இருக்கு. சி. எலிகன்ஸ் புழுவுக்கு 302 நியூரான்தான், எந்த நியூரான் எதோட சேருதுங்குற மொத்த வயரிங் படமும் 1986லயே வந்துடுச்சு. அப்பவும் அது அடுத்து எந்தப் பக்கம் திரும்பும்னு அந்தப் படத்த மட்டும் வெச்சு சொல்ல முடியல. 2024ல பழ ஈயோட முழு மூளைப் படமும் வந்துச்சு, 1,39,000க்கு மேல நியூரான், அதுல கம்ப்யூட்டர் தப்பா வரைஞ்ச நியூரான் உருவத்தத் திருத்துறதுக்கு சாதாரண ஆளுங்களும் ஆன்லைன்ல ஒக்காந்து வேலை பாத்தாங்க.

ஜூன் 26

ஒரு அப்பா கேட்டிருக்கார், "பையன் இத படிச்சா சோறு போடுமா". மரியாதையான கேள்வி சார், இங்க சுத்தி வளைக்க மாட்டேன்.

புரொஃபசர் ஆகணும்னா டிகிரி, அப்புறம் பிஎச்டி நாலஞ்சு வருஷம் சாதாரணமா ஆகும், சில எடத்துல அதுக்கு மேல, அப்புறம் போஸ்ட்டாக்னு தற்காலிக ஆராய்ச்சி வேலை, அதுக்கப்புறமும் சீட்டு கம்மி, ஆளு ஜாஸ்தி. பிஎச்டி முடிச்சவங்கள்ல பெரும்பாலானவங்க புரொஃபசர் ஆகுறதில்ல. ஆனா அவங்க சும்மாவும் இல்ல. மருந்து கம்பெனி, கிளினிக்கல் டிரையல், இஈஜி டெக்னாலஜிஸ்ட், காது கேக்க வைக்கிற காக்ளியர் இம்பிளான்ட், பார்கின்சனுக்கு மூளைக்குள்ள வைக்கிற ஸ்டிமுலேட்டர் மாதிரி கருவி செய்யுற எடம், டேட்டா சயின்ஸ். கவனிச்சுப் பாத்தீங்கன்னா இதுல பாதி வேலைக்கு அவங்கள உள்ள இழுத்தது கோட் எழுதுறதும் ஸ்டாடிஸ்டிக்ஸும்தான். நான் மொத நாள்ல இருந்து கத்துறது இதுக்கும் சேத்துதான். பையன் நடுவுல மனசு மாறினாலும் கையில இருக்குற அந்த வித்தை கூடவே வரும். வெறும் இளநிலை டிகிரியோட "நியூரோசயின்டிஸ்ட்"னு வேலை கெடைக்குறது மட்டும் அபூர்வம், அத தெரிஞ்சுக்கிட்டு வரட்டும்.

ஜூன் 26, இன்னொண்ணு

ரெண்டு வருஷமும் மூளையே கதின்னு கெடக்காத தம்பி. கஹால் வரைஞ்சார். உனக்கும் வேற எதாவது இருக்கும்.

ஜூலை 2

நெர்ன்ஸ்ட்ல சோடியத்தப் போட்டுப் பாத்து பிளஸ் 60 வருது, தப்பான்னு தம்பி கேட்டிருக்கான் (கணக்கு வராதவன்!). வெளிய 145, உள்ள 15 போட்டிருந்தா சரிதான், 60 கிட்டதான் வரணும். இப்ப அவனோட அடுத்த கேள்விதான் அழகு: துடிப்பு உச்சத்துல சோடியம் கதவு தானே தொறந்திருக்கு, அப்ப 60 வரைக்கும் போகணுமே, படத்துல ஏன் 40 கிட்ட நின்னு திரும்புது?

ரெண்டு காரணம். சோடியம் சேனல் தொறந்த கொஞ்ச நேரத்துலயே தானா அடைச்சுக்கும், ஒரு மில்லிசெகண்ட் கூட தாக்குப் புடிக்காது. அதே சமயம் பொட்டாசியம் சேனல் மெதுவா தொறந்து மைனஸ் 88 பக்கம் இழுக்க ஆரம்பிக்கும். மேல போய்ச் சேர்றதுக்குள்ள கீழ இருந்து புடிச்சு இழுத்துடுது. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி எழுதின நாலு ஈக்வேஷன்ல ஒண்ணு வோல்டேஜுக்கு, மிச்சம் மூணும் இந்தக் கதவுங்களுக்குத்தான், சோடியம் தொறக்குறதுக்கு ஒண்ணு, அடைக்கிறதுக்கு ஒண்ணு, பொட்டாசியத்துக்கு ஒண்ணு. கோட் எழுதும்போது அந்த அடைக்கிற வரிய மட்டும் எடுத்துட்டு ஓட்டிப் பாரு, என்ன ஆகுதுன்னு இங்க வந்து போடு.